உடல் வரைபடம்: மருந்து கிடைத்தவர்கள் வரைந்த கலை

"உடல் எதையும் மறப்பதில்லை" என்ற பேச்சு இப்போது பல இடங்களில் காதில் விழுகிறது. ஓவியக் கண்காட்சிக் குறிப்பில் இருக்கிறது, யோகா வகுப்பு விளம்பரத்தில் இருக்கிறது, மனநலம் பற்றிய காணொளிகளில் இருக்கிறது. கூடவே 'பாடி மேப்பிங்' என்ற பெயரில் பட்டறைகளும் நடக்கின்றன. ஆளுயரத் தாளில் படுக்க வைத்து, உடலைச் சுற்றிக் கோடு இழுத்து, அதற்குள் வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். இது சிகிச்சையா, ஓவியமா, ஆய்வு முறையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது.

இந்தக் கலை இன்றைய வடிவத்தைப் பெற்ற இடமும் காலமும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இடம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர ஓரத்தில் இருக்கும் கயேலிட்சா. காலம், 2002. வரைந்தவர்கள், எச்.ஐ.வி.க்கு மருந்து கிடைத்துப் பிழைத்த பெண்கள். அங்கே போவதற்கு முன், உடலின் நினைவு என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் படங்களைப் பார்த்தால் உருக்கம்தான் மிஞ்சும், விஷயம் பிடிபடாது.

உடல் எதையெல்லாம் நினைவில் வைக்கிறது?

ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

1. நோய் எதிர்ப்பின் நினைவு. ஒரு கிருமியை ஒருமுறை எதிர்த்துப் போராடிய ரத்த வெள்ளையணுக்களில் ஒரு பகுதி, போர் முடிந்த பிறகும் சாகாமல் தங்கிவிடும். இவற்றுக்கு நினைவு செல்கள் என்று பெயர். அதே கிருமி மறுபடி வந்தால் இவை உடனே அடையாளம் கண்டு பெருகும். 1846-இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது அங்கே அனுப்பப்பட்ட டென்மார்க் மருத்துவர் பீட்டர் பானும் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் சிறு வயதில் தட்டம்மை கண்ட முதியவர்களுக்கு, 65 ஆண்டுகள் கழித்தும் அது மறுபடி வரவில்லை. தடுப்பூசிகள் வேலை செய்வது இந்த நினைவை நம்பித்தான்.

2. கிருமியே ஒளிந்திருப்பது. சின்னம்மை குணமானாலும் அதன் வைரஸ் போய்விடுவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அந்த ஒரு நரம்பின் பாதையிலேயே வரிசையாகக் கொப்புளம் கிளம்பும். அதுதான் அக்கி. தமிழ்நாட்டு ஊர்களில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போய், காவியைக் குழைத்துப் புண்ணின் மேல் 'அக்கி எழுதிக்கொண்டு' வருவார்கள். வைரஸைக் காவி தடுக்காது. அதற்கு வைரஸ் எதிர்ப்பு மாத்திரை உண்டு, கொப்புளம் கிளம்பிய மூன்று நாளைக்குள் தொடங்கினால் நல்ல பலன் தரும். ஆனால் வலிக்கும் இடத்தில் இன்னொருவர் கைபட்டு ஒரு கோடு விழுவதற்கு நோயாளி ஏன் அவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார் என்பது இந்தக் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புள்ள கேள்வி.

3. நரம்பிலும் மூளையிலும் பதிந்த உடல். மூளையின் மேற்பரப்பில் உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இடம் இருக்கிறது என்பதை மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1937-இல் படமாகவே வரைந்து காட்டினார். கையை வெட்டி எடுத்த பிறகும் மூளையில் கைக்கான இடம் இருக்கும். அதனால்தான் இல்லாத கை வலிக்கிறது, அரிக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்தில் காட்டி, சிலருக்கு அந்த வலியைக் குறைத்தார். நீண்ட நாள் வலியும் இந்த வகைதான். காயம் ஆறினாலும் தண்டுவட நரம்புகள் கூர்மையடைந்தே இருப்பதால் லேசாகத் தொட்டாலும் வலிக்கும்.

4. அச்சத்தின் நினைவு. விபத்து, வன்முறை, நெருங்கியவரின் சாவு போன்றவற்றுக்குப் பின் ஒரு வாசனையோ சத்தமோ போதும், நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், உடல் இறுகும். இதை நடத்துவது அமிக்டலா முதலான மூளைப் பகுதிகளும், அவை முடுக்கிவிடும் ஹார்மோன்களும்.

பழைய துயரம் தோள்பட்டைத் தசையிலோ கல்லீரலிலோ இடுப்பு எலும்பிலோ 'சேமித்து' வைக்கப்பட்டிருக்கிறது, அழுத்தினால் வெளியே வந்துவிடும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. தசை இறுகுவது உண்மை. இறுகச் சொல்வது நரம்பு. பட்டறைகளில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஏனென்றால், "உன் உடலில் எதையோ மறைத்து வைத்திருக்கிறாய்" என்று ஒருவரிடம் அடித்துச் சொன்னால், நடக்காத ஒன்றைக்கூட அவர் நினைவுபடுத்திக்கொள்ள முடியும்.

நினைவைத் தாக்கும் வைரஸ்

இப்போது எச்.ஐ.வி.க்கு வருவோம். இது சிடி4 என்னும் வெள்ளையணுக்களைத் தாக்குகிறது. மற்ற எதிர்ப்பு அணுக்களுக்கு உத்தரவு கொடுப்பவை இவைதான். ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் சிடி4 அணுக்கள் இருக்கும். 200-க்குக் கீழே போனால் டிபி, நுரையீரல் தொற்று, வாயில் வெள்ளைப் பூஞ்சை எல்லாம் சுலபமாக வரும். இளம் வயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எச்.ஐ.வி. தன் மரபுக்குறியைச் சிடி4 நினைவு செல்களுக்குள் செருகிவிட்டு, அந்தச் செல்கள் ஓய்வெடுக்கும்போது தானும் சேர்ந்து உறங்கிவிடுகிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்தவர்களிடமும் இந்த ஒளிவிடம் இருப்பதை 1997-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். அதனால்தான் ஏ.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லும் இந்தக் கூட்டு மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

ஆக, எச்.ஐ.வி. உள்ள ஒருவர் தன் உடலை வரையும்போது 'உடலின் நினைவு' என்பது வெறும் உருவகமாக நின்றுவிடுவதில்லை. அவருக்குள் அது உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

கேப் டவுனில் அன்றைய நிலை

2000-ஆம் ஆண்டு வாக்கில் உலகில் அதிக எண்ணிக்கையில் எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் இருந்த நாடு தென்னாப்பிரிக்கா. அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் வருவது எச்.ஐ.வி.யால்தானா என்றே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சையைப் பரிந்துரைத்தார். பணக்கார நாடுகளில் 1996 முதலே உயிர் காத்துவந்த கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைகளுக்கு எட்டாததாகவே இருந்தது. மருந்து கொடுக்கத் தாமதித்ததால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள்.

விலையும் ஒரு சுவர். ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன மூன்று மருந்துக் கூட்டை, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு 350 டாலருக்குத் தருகிறோம் என்று 2001 பிப்ரவரியில் இந்திய நிறுவனமான சிப்லா அறிவித்தது. அதே ஆண்டு மே மாதம் அந்த அமைப்பு கயேலிட்சாவின் ஆரம்ப சுகாதார மையங்களில் சிகிச்சையைத் தொடங்கியது. ஏழைகள் நேரம் பார்த்து மாத்திரை சாப்பிட மாட்டார்கள் என்று உலக அரங்கில் வெளிப்படையாகவே பேசப்பட்ட காலம் அது.

2002 இறுதிவரை அங்கே சிகிச்சை தொடங்கிய 287 பெரியவர்களின் கணக்கு பின்னர் வெளியானது. வந்து சேரும்போது அவர்களுடைய சிடி4 எண்ணிக்கையின் நடுமதிப்பு வெறும் 43. அதாவது பாதிப் பேர் சாவின் விளிம்பில் இருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் 86 சதவீதம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

நினைவுப் பெட்டியிலிருந்து ஆளுயரத் தாளுக்கு

உடலை வரையச் சொல்வது அதற்கு முன்பும் இருந்தது. 1980-களில் ஜமைக்காவிலும் 1990-களின் தொடக்கத்தில் ஜிம்பாப்வேயிலும் பொது சுகாதார ஆய்வாளர்கள், பெண்கள் தங்கள் கருப்பையை எப்படிப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்று அறிய வரைந்து காட்டச் சொன்னார்கள். அது தகவல் சேகரிப்பு.

கேப் டவுனில் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. உகாண்டாவில் எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள், தாங்கள் இறந்த பிறகு பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று 'நினைவுப் புத்தகங்கள்' எழுதி வந்தார்கள். உன் அப்பா யார், நீ பிறந்த அன்று என்ன நடந்தது, நம் குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜோனதன் மோர்கன் 'நினைவுப் பெட்டி' திட்டத்தை நடத்தினார். பெட்டிக்குள் புகைப்படம், கடிதம், சிறு பொருள்கள். சாவுக்கு ஆயத்தம் செய்யும் வேலைதான் அது, வேறு வழி இல்லாதபோது.

ஆனால் கயேலிட்சாவில் மருந்து வந்துவிட்டது. உடம்பு தேறியது, எடை கூடியது, ஒரு காலத்தில் எழுந்து நிற்க முடியாதவர்கள் நடந்தே மருத்துவமனைக்கு வந்தார்கள். இனி பிள்ளைக்கு விட்டுச் செல்லும் பெட்டியை நிரப்புவதில் என்ன அர்த்தம்? உயிரோடு இருக்கப் போகிறவருக்கு வேறு வகையான நினைவுக் கலை வேண்டியிருந்தது. 2002-இல் ஓவியர் ஜேன் சாலமன், கயேலிட்சாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்களின் பம்பனானி குழுவோடு சேர்ந்து ஆளுயர உடல் வரைபடங்களை உருவாக்கியது இந்தத் திருப்பத்தில்தான். திட்டத்துக்கு 'நீண்ட ஆயுள்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 2003-இல் படங்களும் அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளும் புத்தகமாக வந்தன.

கலை வந்து நோயைத் தீர்த்ததாகத்தான் இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்கிறார்கள். நடந்தது நேர் எதிர். மருந்து வந்ததால் கலையின் வேலை மாறியது.

அமெரிக்காவின் எய்ட்ஸ் நினைவுப் போர்வையோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் 1,920 துணிப் பலகைகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறையின் அளவு, இறந்தவரின் பெயர் தைத்தது. கயேலிட்சா படங்களுக்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் அந்த அளவு, தாளில் படுத்தவர் எழுந்து நின்ற உடலின் அளவு.

வரையும் முறை

பின்னாளில் ஜேன் சாலமன் எழுதிய கையேடு வழியாக இந்த முறை பல நாடுகளுக்குப் போனது. ஒரே அமர்வில் முடியாது, பல நாள் வேலை. சாரம் இது:

1. தரையில் விரித்த பெரிய தாளில் ஒருவர் தனக்குப் பிடித்த நிலையில் படுக்கிறார். கை விரித்து, மடக்கி, ஒருக்களித்து, எப்படியும் இருக்கலாம். துணைக்கு வந்தவர் அவரைச் சுற்றிக் கோடு இழுக்கிறார்.

2. அதே தாளில், அந்த உருவத்துக்குப் பின்னால் நிழல்போலத் துணைவரின் உருவமும் வரையப்படுகிறது. நோயில் தாங்கிப் பிடித்தவருக்கான இடம் அது. ஒவ்வொரு படத்திலும் இரண்டு உடல்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

3. பிறந்த ஊர் ஒரு பக்கம், போய்ச் சேர விரும்பும் இடம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் உடல்.

4. வண்ணம் தோய்த்த கையும் காலும் தாளில் பதிக்கப்படுகின்றன.

5. தோலின் மேல் உள்ள தழும்புகள் வரையப்படுகின்றன. சிறு வயதில் விழுந்தது, சிசேரியன் கோடு, அடி வாங்கியது, அக்கி விட்டுப்போன கறை எல்லாம் வரும். தழும்பின் அருகே அதன் கதையைச் சிறு வரியில் எழுதுகிறார்கள்.

6. அடுத்தது தோலுக்கு அடியில். வைரஸ் எப்படி இருக்கும், மாத்திரை அதை என்ன செய்கிறது என்பதை அவரவர் கற்பனைப்படி வரையலாம். மருத்துவப் பாடப் படத்தைப் பார்த்து வரையச் சொல்வதில்லை.

7. உடலில் தன் பலம் எங்கே இருக்கிறது என்று ஓர் இடத்தைத் தேர்ந்து அதில் ஒரு சின்னம். கடைசியாக முகம், பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி.

ஐந்தாவதும் ஆறாவதும் அடுத்தடுத்து வருவதைக் கவனியுங்கள். தழும்பை வரையும்போது, எச்.ஐ.வி.க்கு முன்பும் இந்த உடலுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்பது தாளில் ஏறிவிடுகிறது. நோய் வந்த உடலாக மட்டும் தன்னைப் பார்த்துப் பழகியவருக்கு, ஏழு வயதில் முழங்காலில் பட்ட காயமும் வைரஸும் ஒரே தாளில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்த முறையின் மிக நுட்பமான இடம் இது என்பேன்.

ஆறாவதில் வேறொரு பயனும் உண்டு. வைரஸ் உறங்குகிறது, மாத்திரை அதைக் கொல்வதில்லை, பெருகவிடாமல் தடுக்கிறது. இதைச் சொல்லில் விளக்கினால் பலருக்குப் பிடிபடாது. தானே வரைந்தவருக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போதும் ஏன் மாத்திரையை விடக்கூடாது என்பது பிடிபடும். சந்தேகம் இருந்தாலும் படத்திலேயே வெளிப்பட்டுவிடும், மருத்துவர் அதைப் பார்த்துப் பேசலாம்.

சிகிச்சைச் சீட்டுக்கு வெளியே

மருத்துவமனைச் சீட்டில் சிடி4 எண்ணிக்கை, எடை, அடுத்து வர வேண்டிய தேதி இருக்கும். கணவன் வீட்டை விட்டுத் துரத்தியது, குழந்தையைப் பறிகொடுத்தது, பரிசோதனை முடிவைக் கேட்டதும் எந்தப் பாதை வழியாக வீட்டுக்கு நடந்தோம் என்பது இருக்காது. ஒரு நோயாளி பிழைப்பாரா என்பதைத் தீர்மானிப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

அன்றைய தென்னாப்பிரிக்காவில் முகத்தோடும் உடலோடும் இப்படி வெளியே வருவது ஆபத்தும்கூட. எச்.ஐ.வி. இருப்பதை வெளிப்படையாகச் சொன்ன குகு டிலாமினி 1998 டிசம்பரில் டர்பன் அருகே அடித்துக் கொல்லப்பட்டார். அதே மாதம், எல்லோருக்கும் எச்.ஐ.வி. சிகிச்சை கேட்டுத் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' இயக்கம், 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று நெஞ்சில் பெரிதாக அச்சிட்ட டீ-ஷர்ட்டைத் தன் அடையாளமாக்கியது. தொற்று இருப்பவரும் இல்லாதவரும் அதையே போட்டுக்கொண்டார்கள். 2002 டிசம்பரில் கயேலிட்சா வந்த நெல்சன் மண்டேலாவும் அதை அணிந்தார். உடல் வரைபடங்கள் இந்தச் சூழலில் பிறந்தவை. இந்தச் சட்டைகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் துணிச்சல் தெரியும்.

இப்படிக் கூட்டாக வெளியே வந்ததே மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் படங்களிலிருந்து இவற்றைப் பிரிக்கிறது. 1925-இல் பேருந்து விபத்தில் நொறுங்கிய தன் முதுகெலும்பை காலோ வாழ்நாள் முழுக்க வரைந்தார். ஈடில்லாத கலை அது, ஆனால் தனி ஒருவரின் கலை. பம்பனானி படங்களைக் கூட்டமாகப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் அதன் வாதம் பாதியாகிவிடும்.

குணப்படுத்தியது எது?

வைரஸை அடக்கியது மாத்திரை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. கலை என்ன செய்யும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் வெளியிட்ட தொகுப்பு ஒரு நல்ல அளவுகோல். 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மனச்சோர்வு, பதற்றம், வலியைத் தாங்குதல், நீண்ட நாள் நோயோடு வாழ்தல் ஆகியவற்றில் கலை துணை நிற்கிறது என்கிறது. ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நோயைக் கலை தீர்க்கும் என்று அதில் இல்லை.

அரசியல் பக்கம், 2002 ஜூலை 5 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தை அரசு கட்டுப்பாடின்றி வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து தொடங்கியது. அதே மாதம்தான் இந்தியாவிலும் இலவச ஏ.ஆர்.டி. எட்டு மருத்துவமனைகளில் ஆரம்பமானது, அவற்றில் ஒன்று தாம்பரம் சானடோரியம். தென்னாப்பிரிக்காவில் இதைச் சாதித்தது படங்கள் என்று சொல்ல மாட்டேன். வழக்கு, ஊர்வலம், மருந்து விலைப் போராட்டம் என்று பல கைகள் இழுத்த தேர். ஏழைகளும் மாத்திரை சாப்பிட்டுப் பிழைப்பார்கள் என்பதை எண்களில் காட்டியது கயேலிட்சா மருத்துவக் கணக்கு என்றால், பிழைத்தவர்களை ஆளுயரத்தில் காட்டியது இந்தப் படங்கள்.

வேறு இடங்களுக்குப் போனபோது

இன்று புற்றுநோய், நீண்ட நாள் வலி, அகதி வாழ்க்கை, வன்முறை என்று பல களங்களில் உடல் வரைபடம் பயன்படுகிறது. முறை நல்லது. சிக்கல், அது பிறந்த இடத்தில் அதைச் சூழ்ந்திருந்தவற்றை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துப் போவதில் இருக்கிறது. கயேலிட்சாவில் படத்தை வரைந்தவர்களுக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை இருந்தது, மாத்திரை இருந்தது, வாராவாரம் கூடும் குழு இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் முன்பின் தெரியாத இருபது பேரைப் படுக்க வைத்து, பழைய காயத்தைக் கிளறிவிட்டு, மாலையில் தேநீரோடு அனுப்பி வைப்பதை அதே பெயரில் அழைக்கக்கூடாது.

பட்டறைக்குப் போகும் எண்ணம் இருந்தால், அல்லது உங்கள் அமைப்பில் நடத்தச் சொன்னால், முன்கூட்டியே கேட்க வேண்டியவை:

1. வரையும்போது ஒருவர் உடைந்து போனால் அருகில் பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் இருக்கிறாரா? மறுநாளும் அடுத்த வாரமும் யாரை அழைப்பது?

2. நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்கு இது மாற்று என்று எங்காவது சொல்கிறார்களா? சொன்னால் போகாதீர்கள்.

3. வேண்டாம் என்ற பகுதியை வரையாமல் விட முடியுமா? காரணம் கேட்காமல் விட வேண்டும்.

4. படம் யாருக்குச் சொந்தம்? இதைத்தான் பெரும்பாலும் கேட்க மறக்கிறார்கள். முகம், கைரேகை, ஊர், நோய், துணைவரின் உருவம் எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. கண்காட்சியில் வைப்பதற்குத் தனி ஒப்புதல், இணையத்தில் போடுவதற்குத் தனி ஒப்புதல், ஆய்வறிக்கையில் அச்சிடுவதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். நிழலாக நிற்பவரின் ஒப்புதலும் வேண்டும். பத்து ஆண்டு கழித்து வரைந்தவர் திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா என்பதற்கு ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.